பாமாலைக்குத் துணை வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பியானோ, கீபோர்டு வகுப்புகளுக்கு அனுப்புவதில் பெற்றோர் காட்டும் ஆர்வத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாளையங்கோட்டை வட்டாரத்து ஆலயங்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராதனைக்கு வாசித்து வரும் எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஆயினும் அக்கட்டுரையில் இடம்பெறாத ஒன்றைப் பெற்றோரும் இசை ஆசிரியர்களும் சேகரப் (திருச்சபை வட்டாரப்) பொறுப்பாளர்களும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான்கைந்து ஆண்டுகள் பியானோ கற்று, தேர்வுகளில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோரால், சபையார் எழுந்து நின்று மேலைநாட்டு மெட்டில் பாடும் ஆலயப் பாட்டான ஒரு பாமாலைக்குத் துணை வாசிக்க முடிவதில்லை. இதைப் பிள்ளைகளின் குறையாக நான் சொல்லவில்லை. அவர்களுக்கு நாம் அதைக் கற்றுக்கொடுக்கவே இல்லை.

ஓய்வுநாள் பள்ளி முடிந்ததும் ஆலயத்துப் பியானோவைச் சுற்றி வந்து நிற்கும் பிள்ளைகளிடம், புத்தகம் இல்லாமல் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை வாசித்துக் காட்டும்படி நான் கேட்பதுண்டு. வலக்கை சற்றுத் தடவித் தடவியாவது மெட்டைக் கண்டுபிடித்துவிடும். இடக்கையோ மடியிலேயே கிடக்கும். தேர்வுக்காக ஓர் ஆண்டு முழுவதும் மூன்று உருப்படிகளைத் திரும்பத் திரும்ப வாசித்த பிள்ளைக்கு, தாளில் எழுதப்படாத ஒரு சுரத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தேர்வுமுறையின் மேல் முழுப் பழியையும் போட நான் விரும்பவில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் பியானோ தேர்வுகளின் தொடக்க கிரேடுகளில், மாணவர் தெரிவுசெய்துகொள்ளக் கூடிய துணைப் பகுதிகளில், கொடுக்கப்பட்ட சிறு துணுக்கை வைத்து அந்த இடத்திலேயே தானாக இசைத்துக் காட்டுவதும் ஒன்று. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அதைத் தெரிவுசெய்ததில்லை. அதற்கான பயிற்சி வகுப்பில் நடப்பதில்லை என்பதே காரணம்.

இன்னொரு தடை, பாமாலைப் புத்தகத்தின் இசைப் பதிப்பே ஆகும். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழாக நான்கு குரல்களும் அடுக்கி எழுதப்பட்ட அந்தப் பக்கத்தில், பெரும்பாலும் ஒவ்வோர் அசைக்கும் நான்கு சுரங்களும் இடம் மாறும். கை சிறிதாக உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கு அது மலை ஏறுவது போலத்தான். “இதை அப்படியே வாசிக்க வரும்போது ஆலயத்தில் வாசிக்கலாம்” என்று நாம் சொல்கிறோம், பிள்ளையும் காத்திருக்கிறது, காத்திருக்கும் காலத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு வந்து, பியானோ மூடப்பட்டுவிடுகிறது. அந்த நான்கு வரிகளும் நான்கு குரல்களில் பாடுவோருக்காக எழுதப்பட்டவை என்பதையும், ஒருவரே பத்து விரல்களால் எழுத்துப் பிசகாமல் வாசித்தே ஆக வேண்டும் என்ற கட்டளை எதுவும் அதில் இல்லை என்பதையும் நாம் மறந்துபோனோம்.

இந்த இசையின் பழைய வரலாறும் அதைத்தான் காட்டுகிறது. ஜெர்மானிய இறையியலாரான லூக்காஸ் ஒசியாண்டர் 1586-ஆம் ஆண்டு வெளியிட்ட பாடல் தொகுப்பில், அதுவரை பெரும்பாலும் டெனர் குரலுக்குள் மறைந்திருந்த மெட்டை எடுத்து மேல்குரலில் வைத்தார். படித்த பாடகர்கள் மட்டுமல்லாமல் சபையார் எல்லாரும் மெட்டைக் கேட்டு உடன்பாட வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அதற்குப் பின் வந்த நூற்றாண்டில், ஆர்கன் வாசிப்பவருக்கு மேலே மெட்டையும் கீழே அடிச்சுரத்தையும் மட்டும் எழுதி, எந்தக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) என்பதை அடிச்சுரத்தோடு சில எண்களால் குறித்துவிடும் வழக்கம் வேரூன்றியது. நடுக்குரல்களை வாசிப்பவரே அவ்விடத்தில் நிரப்பிக்கொள்வார். ஜெர்மானிய இசை மேதை ஜோஹன் செபாஸ்டியன் பாக் இசைப் பகுதியில் பங்களித்து, லைப்சிக் நகரில் 1736-இல் அச்சான ஷெமெல்லியின் பாடல் புத்தகத்தில் 954 பாடல்கள் உண்டு. அவற்றுள் 69-க்கு மட்டுமே இசை அச்சிடப்பட்டது. அந்த 69-க்கும் கொடுக்கப்பட்டவை மெட்டும் எண்ணிட்ட அடிச்சுரமும்தான். பாக் போன்ற ஒருவர் தொட்ட புத்தகமே வாசிப்பவரின் கைக்கு அவ்வளவு இடம் விட்டிருக்கும்போது, நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தை மறுக்க நாம் யார்?

தரங்கம்பாடிக்கு 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜெர்மானிய மிஷனெரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்திறங்கியபோது அவர்களோடு வந்த பாட்டு மரபு இதுவே. அடுத்து வந்த ஃபப்ரீசியுஸ் ஐயர் (1711–1791) முதலானோர் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கியபோது, மெட்டுகளும் கூடவே இங்குத் தங்கின. இன்று நம் ஆலயங்களில் ஒலிக்கும் ஞானப்பாட்டுகள் பலவும் அந்த வழியில் வந்தவை. மெட்டுகளை முந்நூறு ஆண்டுகளாகக் காப்பாற்றிய நாம், அவற்றுக்குத் துணை வாசிக்கும் கலையை மட்டும் பாதி வழியில் தவறவிட்டிருக்கிறோம்.

இதை நான் அனுபவித்தே அறிந்துகொண்டேன். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, பக்கத்துக் கிராமத்தில் நடந்த ஓர் அடக்க ஆராதனைக்கு வழக்கமாக வாசிப்பவர் வர முடியாமல் போனதால் என்னை அழைத்துப்போனார்கள். அந்தச் சிற்றாலயத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் இருந்தது; இசைப் பதிப்பு இல்லை, சொற்கள் மட்டும் அச்சான பாமாலைப் புத்தகமே இருந்தது. துக்க வீட்டார் ‘என்னோடிரும் மா நேசக் கர்த்தரே’ என்ற பாட்டைத் தங்களுக்கு வாய்த்த சுருதியில் எடுத்துவிட்டார்கள். வில்லியம் ஹென்றி மங்க் 1861-இல் அமைத்த அந்த மெட்டை இ-ஃபிளாட் ஸ்கேலில் நான் பலமுறை பிழையின்றி வாசித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் எடுத்த சுருதி அதுவன்று. சுருதியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு சரணங்கள் முடிந்துவிட்டன. கண்டுபிடித்த பிறகோ இடக்கைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இறந்தவரின் மனைவி பாட முயன்று, குரல் தாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் இடையில் நின்றுபோனதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் சாய்ந்துகொள்ள வேண்டிய இசையை நான் கொடுத்திருக்க வேண்டும். என்னால் கொடுக்க முடியவில்லை.

அன்று அங்கிருந்த, பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சார்வாள், மறுவாரமே என்னைத் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் முதலில் சொன்னது, “புத்தகத்த மூடு, தம்பி. வாயால பாடு. பாடுற வாய்க்குக் கை துணை போகட்டும்” என்பதுதான். அடுத்து அவர் வாசிக்கச் சொன்னது எந்தப் பாட்டையும் அன்று. பாட்டின் முடிவில் வரும் ‘ஆமென்’ என்ற ஒரே சொல்லை. அதில் இரண்டே கார்டுகள்தாம். ‘ஆ’ என்பதற்கு மத்திமத்தின் மேல் எழும் கார்டு, ‘மென்’ என்பதற்கு ஸட்ஜத்தின் மேல் எழும் கார்டு. பிறந்தது முதல் ஞாயிறுதோறும் காதில் விழுந்த அந்த ஒலி என் கையிலிருந்தே எழுந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லி முடியாது. பின்னாளில் நான் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த ஆமெனிலிருந்தே தொடங்கினேன். ஒருவரும் அதைக் கடினம் என்று சொன்னதில்லை.

முறை எளிது என்பதால், இசை ஆசிரியர்களின் பார்வைக்காக அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மேஜர் ஸ்கேல் என்பது நம் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களே. அவற்றில் ஸ, ம, ப ஆகிய மூன்றின் மேலும் ஒவ்வொரு கார்டு கட்டிக்கொள்ள வேண்டும். ஸ, க, ப சேர்ந்தது ஒன்று. ம, த, மேல் ஸ சேர்ந்தது இன்னொன்று. ப, நி, மேல் ரி சேர்ந்தது மூன்றாவது. இந்த மூன்று கூட்டங்களுக்குள் ஏழு சுரங்களும் அடங்கிவிடுகின்றன என்பதைப் பிள்ளையே எண்ணிப் பார்க்கும்படி செய்ய வேண்டும். மெட்டு காந்தாரத்தில் நின்றால் ஸ கார்டு. தைவதத்தில் நின்றால் ம கார்டு. ரிஷபத்திலோ நிஷாதத்திலோ நின்றால் ப கார்டு. ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் இரண்டிரண்டு கூட்டங்களில் இருப்பதால், அந்த இடங்களில் காதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டையும் வாசித்துப் பார்த்து, “இங்கே எது பாட்டை முன்னே கொண்டுபோகிறது, எது அதை உட்கார வைக்கிறது?” என்று கேட்டால், எட்டு வயதுப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லிவிடும். எல்லாச் சுரத்துக்கும் கார்டு மாற்ற வேண்டியதில்லை. தாளத்தின் கனமான அடி எங்கே விழுகிறதோ அங்கே மாற்றினால் போதும்.

முதற்பாட்டாக எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு, ‘ஒப்பில்லா திரு இரா’ என்று நாம் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டை நான் தயங்காமல் சொல்வேன். ஃபிரான்ஸ் க்ஸேவர் கிருபர் மெட்டமைத்த அந்தப் பாட்டு, 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூர் ஆலயத்தில், ஒரு கிதாரை மட்டும் துணையாகக் கொண்டு முதன்முதலாகப் பாடப்பட்டது. கிதாரில் மீட்டிப் பாடிய பாட்டு ஆகையால் அதன் நடை அவ்வளவு எளிமையாக இருக்கிறது. 6/8 தாளத்தில் 12 பார்களே (தாளச் சுற்றுகளே) கொண்ட அந்த மெட்டுக்கு நான் மேலே சொன்ன மூன்று கார்டுகளுக்கு அப்பால் ஒன்றும் தேவையில்லை. முதல் இரண்டு பார்களுக்கும் ஸ. மூன்றாவதுக்கு ப, நான்காவதில் மீண்டும் ஸ. ஐந்தாவது ம, ஆறாவது ஸ. ஏழாவது ம, எட்டாவது ஸ. ஒன்பதாவது ப, பத்தாவது ஸ. பதினோராவது பார் ஸ-வில் தொடங்கிப் ப-வில் முடிய, பன்னிரண்டாவது ஸ-வில் வந்து இளைப்பாறும். முதல் வாரம் இடக்கை அந்தந்தக் கார்டின் அடிச்சுரத்தை மட்டும், பாருக்கு ஒரு முறை, நீட்டிப் பிடிக்கட்டும். அடுத்த வாரம் அதனோடு அதன் பஞ்சமத்தையும் சேர்க்கட்டும். பிறகு அடிச்சுரம், பஞ்சமம், மேல் ஸ்தாயிச் சுரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டிலாட்டுவதுபோல் வாசிக்கட்டும். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளை கிறிஸ்துமஸ் இரவு ஆராதனையில் அமர்ந்து வாசிக்கத் தகுதி பெற்றுவிடும். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. உலகெங்கும் ‘அமேசிங் கிரேஸ்’ என்று பாடப்படும் பாட்டின் சொற்கள் ஜான் நியூட்டனுடையவை, 1779-இல் அச்சாயின. இன்று நாம் அறிந்த மெட்டோடு அமெரிக்காவில் அவை இணைந்தது 1835-இல்தான். அந்த மெட்டு ஐந்தே சுரங்களில், நம் மோகனத்தின் ஸ ரி க ப த என்னும் சுரங்களில், நடக்கிறது. ஆகவே அதைப் பியானோவின் கறுப்புக் கட்டைகளில் மட்டுமே முழுவதும் வாசித்துவிடலாம். இடக்கையும் எஃப்-ஷார்ப், சி-ஷார்ப் என்னும் இரண்டு கறுப்புக் கட்டைகளைத் தம்புரா போலப் பிடித்திருந்தால், ஆறு வயதுக் கை எங்கே விழுந்தாலும் பெரிய அபசுரம் எழாது. அச்சமில்லாமல் கையை ஓட்டிப் பழகுவதற்கு இதற்கு இணையான பயிற்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சுருதி மாற்றத்தில் நம் பிள்ளைகளுக்கு மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஸட்ஜம் எந்தக் கட்டையிலும் அமரலாம் என்பது நம் காதுக்கு இயல்பான செய்தி. எங்கள் தலைமுறையினர் பாடகர் குழுவில் சுரங்களை டோ, ரே, மி என்று எழுத்துகளால் குறிக்கும் டானிக் சோல்ஃபா முறையைப் பார்த்தே நான்கு குரல்களையும் கற்றோம். அதிலும் ‘டோ’ என்பது ஓரிடத்தில் கட்டிப்போடப்பட்டதன்று. ஆகவே “சி, எஃப், ஜி” என்று கட்டைப் பெயர்களால் மட்டும் சொல்லிக்கொடுக்காமல் “ஸ, ம, ப” என்று சொல்லிக்கொடுத்தால், சி ஸ்கேலில் கற்ற பாட்டை டி ஸ்கேலுக்கும் ஜி ஸ்கேலுக்கும் கொண்டுபோவது பிள்ளைக்குப் புதிய பாடமாகவே தோன்றாது. கீபோர்டில் சுருதியைத் தானாக மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார்கள். பியானோவிலும் ஆர்கனிலும் அந்தப் பொத்தான் பொதுவாக இராது. மின்சாரம் நின்றால் கீபோர்டிலும் இராது.

சுருதியைத் தேர்ந்தெடுப்பது இரக்கத்தோடு செய்ய வேண்டிய வேலை. பயிற்சி பெற்ற சோப்ரானோக்களை மனத்தில் வைத்து அச்சான பல மெட்டுகள், மேல் இ வரையிலும் சிலவேளை எஃப் வரையிலும் ஏறுகின்றன. காலை ஆராதனையில், தொண்டை இன்னும் திறக்காத ஆண்களும், வயது முதிர்ந்த தாய்மாரும் அந்த உச்சியில் வாயை மூடிக்கொள்வதை வாசிப்பவர் இடத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மெட்டின் உச்சச் சுரம் மேல் டி-யைத் தாண்டாதபடி ஸ்கேலைக் கீழே இறக்கினால், அடுத்த வரியிலேயே ஆலயம் நிறைந்துவிடுகிறது. புத்தகத்தில் உள்ளதை மட்டும் வாசிக்கத் தெரிந்தவரால் இந்த உதவியைச் செய்ய இயலாது. மூன்று கார்டுகளைத் தானாக அமைக்கத் தெரிந்த பிள்ளையால் இயலும்.

துணை வாசிப்பின் மற்றக் கூறுகள் எல்லாம் சபையாரைக் கவனிப்பதிலிருந்து வருபவை. பாட்டின் கடைசி வரியை முன்னிசையாக வாசித்தால் சுருதியும் வேகமும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். முன்னிசையில் எடுத்த வேகத்தைப் பாட்டில் மாற்றக் கூடாது. ஒவ்வொரு வரி முடிவிலும் அவர்கள் மூச்சு வாங்குகிறார்கள். வாசிப்பவரும் கூடவே பாடினால் அந்த இடைவெளி தானாக அமையும். ஆகையால் பிள்ளைகள் வாய் திறந்து பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நான்கு சரணமும் ஒரே மாதிரி வாசிக்க வேண்டாம். துயரத்தைச் சொல்லும் சரணத்தில் இடக்கை ஒற்றைச் சுரத்தோடு நிற்கலாம். ஒரு சரணத்தில் கையை முற்றிலும் எடுத்துவிட்டுச் சபையாரின் குரலை மட்டும் ஒலிக்க விடலாம். கடைசிச் சரணத்தில் இடக்கை எட்டாம் சுரத்தையும் சேர்த்து நிறைவாக முழங்கலாம். ஓராண்டு பழகிய பிள்ளைக்கு, ஸ கார்டிலிருந்து தைவதத்தின் மேல் எழும் மைனர் கார்டுக்குப் போகும்போது, இடையில் நிஷாதத்தை அடிச்சுரமாக வைத்துப் ப கார்டை வாசிக்கக் கற்றுக்கொடுத்தால், அடிக்குரல் ஸ, நி, த என்று படியிறங்கி நடக்கும். அந்த மூன்று சுர நடையைக் கேட்ட பிறகு, மேலும் என்னென்ன செய்யலாம் என்று பிள்ளையே தேடத் தொடங்கிவிடும்.

தானாகச் சேர்த்து வாசிப்பதிலும் அளவு வேண்டும் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால்வைத்த அதே 1706-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆர்ன்ஷ்டாட் நகரத் திருச்சபை மன்றத்தார், இருபதே வயதான தங்கள் ஆர்கன் கலைஞர் பாக்கை அழைத்து விசாரித்தார்கள். பாட்டுகளுக்கு நடுவே விநோதமான சங்கதிகளையும் அந்நியமான சுரங்களையும் கலந்து வாசித்ததால் சபையார் குழம்பிப்போனார்கள் என்பது குற்றச்சாட்டு. பாக்கின் மேதைமையில் எனக்குக் கடுகளவும் ஐயமில்லை. ஆனாலும் அந்தச் சபையாரின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். பாடுகிறவருக்கு மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குக் கீழே. பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கீர்த்தனைகளுக்கு இந்த முறையை அப்படியே பொருத்திவிடக் கூடாது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் நமக்குத் தந்த கீர்த்தனைகள் இராகத்தில் பிறந்தவை. அவற்றின் உயிர், சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில் இருக்கிறது. அசைந்து நிற்கும் ஒரு காந்தாரத்தின் கீழே அசையாத காந்தாரம் கொண்ட கார்டைப் பிடித்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அங்கெல்லாம் காந்தாரத்தை விட்டுவிட்டு, ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் மெல்ல ஒலிக்கும்படி பிடித்திருப்பதே பாட்டுக்குச் செய்யும் மரியாதை.

கீபோர்டுகளில் தாளமும் பேஸும் தானாக ஓடும் ‘ஸ்டைல்’ பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளைஞர் கூட்டங்களிலும் புதிய பாடல்களிலும் அதற்கு இடம் உண்டு. அதை வெறுப்பவன் அல்லன் நான். ஆனால் பாமாலைக்கு அதைப் போடும்போது, வரி முடிவில் மூச்சு வாங்க நிற்கும் சபையாருக்காக அந்த இயந்திரம் நிற்பதில்லை. வயதானவர்கள் பின்தங்குகிறார்கள், தாளம் முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது, ஒலிபெருக்கியின் சத்தத்தில் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காததால் பலர் பாடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, பிள்ளையின் இடக்கை கற்க வேண்டியதைப் பொத்தான் செய்துமுடித்துவிடுவதுதான். ஐந்து ஆண்டு கீபோர்டு வாசித்த ஒரு மாணவரிடம் பொத்தானை அணைத்துவிட்டு வாசிக்கச் சொன்னபோது, அவர் கலங்கிய கண்களோடு என்னைப் பார்த்தார். அவர் திறமையற்றவர் அல்லர். ஆறு வாரங்களில், வெறும் கையாலேயே இருபது பாட்டுகளுக்குத் துணை வாசிக்கத் தேறினார்.

ஆகவே இசை ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வதெல்லாம், அரைமணி வகுப்பில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்பதே. தேர்வுக்கு அதனால் தீங்கு வராது. கார்டுகளைக் கையால் அறிந்த பிள்ளை தேர்வு உருப்படியையும் விரைவாக மனப்பாடம் செய்கிறது. கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளுக்கும் இதே மூன்று கார்டுகளைக் கொண்டு, அவர்கள் வீட்டில் பாடும் பாட்டுகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கலாம். பெற்றோர், விருந்தினர் முன் தேர்வு உருப்படியை வாசிக்கச் சொல்வதோடு நில்லாமல், இரவு வீட்டு ஜெபத்தில் பாடும் பாட்டுக்குப் பிள்ளையை வாசிக்க வையுங்கள். தப்பு வந்தால் பாட்டை நிறுத்தாதீர்கள். நீங்கள் பாடிக்கொண்டே போனால் அது உங்களை வந்து பிடித்துக்கொள்ளும்.

சேகரங்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் நேரடியானது. பல ஆலயங்களில் பழைய பியானோக்கள் சுருதி கலைந்து, துணி போர்த்தி, சுவரோரம் நிற்கின்றன. சுருதி சேர்ப்பவரை ஆண்டுக்கு இரண்டு முறை அழைப்பதற்கான தொகையை, ஒலிபெருக்கிக்குச் செலவிடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழுதுபார்க்க இயலாத நிலை என்றால், கனமான 88 கட்டைகள் உள்ள ஒரு டிஜிட்டல் பியானோ போதும். ஓய்வுநாள் பள்ளியின் தொடக்கப் பாட்டை ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை வாசிக்கட்டும். ஆறு மாதம் கழித்து மாலை ஆராதனையில் ஒரு பாட்டு. வழக்கமாக வாசிப்பவர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கட்டும். சபைப் போதகரான ஐயரவர்கள் எந்தப் பாட்டு என்பதை வியாழக்கிழமைக்குள் சொல்லிவிட்டால், பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் கிடைக்கும்.

எங்கள் ஆலயத்தில் பியானோவின் மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அலமாரிக்குள் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் தட்டிக் கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால்தான். இப்போது சனிக்கிழமைகளில் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை அது திறந்தே இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படிக்கும் சேகரப் பொறுப்பாளர்கள் தங்கள் ஆலயத்திலும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் சாவியைக் கொடுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆலய இசைப் பணியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.